பிரேக்கம்மாவும் ஒன்று புள்ளி ஆறும்

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பிரேக்கம்மா என்று கேட்டால் நண்டுசிண்டுகூட வீட்டைக் காட்டிவிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அந்த மாதிரிக் கார்களில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் எதிரே வரும் பஸ்ஸைக் கண்டு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்போது, அவள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடியே அந்தப் பிரேக்கை மிதித்திருப்பாள். "கண்ணைத் திறங்க, பஸ் போயாச்சு" என்பாள். திட்டமாட்டாள், பெருமூச்சுகூட விடமாட்டாள். அதனால்தான் மற்ற இடங்களில் அழுதுவிட்டு ஓடிவந்த பெண்களெல்லாம் கடைசியில் அவள் காரில் ஏறினார்கள்.

அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவள் புருஷன். தொலைதூர லாரி ஓட்டுநர். லோடு இல்லாத நாட்களில் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்கு அவளைக் கூட்டிப்போவார். "லாரி ஓட்டினவளுக்குக் கார் பொம்மை மாதிரி" என்று சொல்லி முதலில் லாரியைத்தான் கையில் கொடுத்தார். அவள் நாற்பதைத் தொடும் முன்பே ஒரு காலையில் அவர் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. இதயம். பிள்ளைகுட்டி கிடையாது. ஒரு பயிற்சிப் பள்ளியில் போன் எடுத்துப் பேசுகிற வேலைக்குச் சேர்ந்தவள், பெண்கள் பெண்ணிடம்தான் கற்றுக்கொள்வோம் என்று கேட்கத் தொடங்கியதும் பக்கத்து இருக்கைக்கு மாறினாள். பிறகு சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி, கூரைமேல் பலகை மாட்டி, தனியாகவே தொழிலை நடத்தினாள்.

அவளுக்குத் துணை என்றால் நாத்தனார்தான். புருஷனின் தங்கை. சின்ன வயதில் உப்பிய கன்னங்களைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர் பன்னு. வேடிக்கை என்னவென்றால் வளர்ந்து அவள் வைத்ததும் ரொட்டிக் கடைதான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கட்டிடத்தில், மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். காலையில் அடுப்பிலிருந்து எடுத்த முதல் ரொட்டி பையில் கட்டி அண்ணி வீட்டுக் கதவில் தொங்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் வந்து சேர்ந்தார் லிப்ட்காரர். உயரமான கட்டிடங்களில் லிப்ட் பழுதுபார்ப்பவர். ஐம்பதை நெருங்கிய ஆள், விவாகரத்தாகிப் பல வருஷமாகத் தனியாக இருப்பவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிறவருக்கு நேராகப் போகும் ரோட்டைக் கண்டால் மட்டும் உதறல். பிரேக்கம்மாவின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவர் போல மாதக்கணக்கில் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் கையில் கிடைத்த அன்று காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இனிமே இந்தக் கார்ல ஏற எனக்குக் காரணம் இல்ல. அதான் ஒரு காரணம் கேட்டு வாங்கிட்டுப் போலாமேன்னு பார்க்கறேன்."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல் சூடாகிவிட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்க வேண்டிய வேலையைப் பன்னு எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்த ஆள் கியர் மாத்தறதுன்னாகூட உங்களை ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் மாத்தறார். இதுக்கு மேல என்ன வேணும்? பேசாம சரின்னு சொல்லுங்க."

பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கினார்கள். அதற்கு முன் இருவரும் ஒருதரம் முழு உடம்பையும் பரிசோதித்துக்கொள்ளலாம் என்றார் லிப்ட்காரர். ஆளை ஏற்றும் முன் கம்பியைப் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த லேபில் சர்க்கரை, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், பால்வினை நோய்கள் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்துச் செய்தார்கள். ஒருநாள் அவள் போய்க் கையை நீட்டினாள், மறுநாள் அவர். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அவள் அதை மறந்தேபோனாள்.

அறிக்கை போனுக்கு வந்தபோது அவள் காரில் இருந்தாள். ஸ்டியரிங்கில் ஒரு தையல்காரப் பெண். இரண்டாவது கியருக்கு மேல் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் போல ஊர்ந்துகொண்டிருந்தாள். ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு பிரேக்கம்மா போனைத் திறந்தாள். எல்லா வரியும் கறுப்பு எழுத்தில் இருந்தது. ஒரு வரி மட்டும் சிவப்பு. ஹெர்பிஸ், இரண்டாம் வகை. பாசிட்டிவ். பக்கத்தில் ஒரு எண், ஒன்று புள்ளி ஆறு.

பெயரே புதிது. என்னவென்று போனில் தேடினாள். வந்த படங்களைப் பார்த்ததும் திரையை வேகமாகக் கீழே தள்ளினாள். பிறப்புறுப்பில் புண் வரும், உடலுறவில் தொற்றும், வந்தால் உடம்பைவிட்டுப் போகாது என்று எழுதியிருந்தது. அவளுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு புண் வந்ததில்லை. வாழ்நாளில் ஒரே ஆணைத்தான் தொட்டிருக்கிறாள். அவர் லாரி ஓட்டியவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்.

"அக்கா, போலாமா?" என்றாள் தையல்காரி. "ஏன் உங்க முகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு இது போதும். வீட்டுக்கு நானே ஓட்டறேன்."

நேராக லேபுக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த இளைஞன் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். குரலைத் தாழ்த்திய விதமே அவளைக் கூசவைத்தது.

"பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தாம்மா. சந்தேகமா இருந்தா இங்கயே இன்னொருதரம் எடுத்துக்கலாம். அதே மெஷின்தான். டாக்டரைப் பார்த்துக்கோங்க. கூட இருக்கறவரையும் கூட்டிட்டுப் போங்க."

"கூட இருந்தவர் செத்துப்போயி பல வருஷமாச்சு தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அங்கிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். எந்தப் பயணம், எந்த ஊர், எத்தனை நாள் தாமதம். பாலம் இடிந்துவிட்டது, சுற்றிப் போனேன் என்று ஒருமுறை சொன்னாரே, அதுவா? நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாரே, அப்போதா? அவர் உயிரோடு இருந்த நாளெல்லாம் ஒருதரம்கூட எழாத கேள்விகள் வரிசைகட்டி வந்தன. பதில் சொல்ல ஆள் இல்லை என்பதே பதில் மாதிரி ஆகிவிட்டது.

ரொட்டிக் கடைக்குள் போய் நின்றாள். மத்தியான வேளை, கடையில் யாரும் இல்லை. பன்னு முழங்கை வரை மாவில் இருந்தாள்.

"உங்க அண்ணன் வழியில எங்கெங்க தங்குவார்னு உனக்குத் தெரியுமா?"

பன்னு பிசைவதை நிறுத்தினாள். "என்ன அண்ணி திடீர்னு?"

"தெரியுமா தெரியாதா?"

"வண்டியிலதான் தூங்குவான். ஏன், என்ன ஆச்சு?"

போனை நீட்டினாள். பன்னு மாவுக் கையோடு குனிந்து படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் கன்னம் துடித்தது.

"லாரிக்காரன்னா இப்படித்தான்னு ஊர் சொல்லும். நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கேன். நீங்களும் அந்தக் கும்பல்ல சேர்ந்துட்டீங்களா அண்ணி?"

"அப்ப இது எங்கிருந்து வந்துச்சு? ஆகாசத்துல இருந்தா?"

"எனக்குத் தெரியாது. ஆனா அவன் வந்து வாயைத் திறக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே பேசறீங்க."

பன்னு கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவே சாத்தப்பட்ட முதல் கதவு அது.

மறுநாள் காலை ரொட்டிப் பை வழக்கம்போலக் கதவில் தொங்கியது. மேல்மாடியில் நடமாடும் சத்தம் கேட்டும் யாரும் இறங்கி வரவில்லை. போனில் மட்டும் ஒரு செய்தி இருந்தது. பொது சுகாதார நிலையத்தின் விலாசம், கீழே இரண்டு வரி: 'கோபம் கோபமாவே இருக்கட்டும். டாக்டரைப் போய்ப் பாருங்க.'

டாக்டரம்மா கம்பளிச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, பசியோடு சாப்பிட உட்கார்ந்தவர் போல அறிக்கையை இழுத்து வைத்துக்கொண்டார். அவள் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. புண், கொப்புளம், எரிச்சல் எதுவும் வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை. அண்மையில் யாரோடாவது உறவு? இல்லை, புருஷன் போன பிறகு யாரும் இல்லை.

"சரி. அதை எதுக்குக் கேட்டேன்னா, புதுசா தொத்தியிருந்தா ரத்தத்துல தெரிய மூணு நாலு மாசம்கூட ஆகலாம். உங்களுக்கு அந்தப் பேச்சே இல்ல. இப்ப சொல்லுங்க, இதுல நீங்க எந்த வார்த்தையைப் படிச்சீங்க?"

"பாசிட்டிவ்."

"எல்லாரும் அதைத்தான் படிக்கறாங்க. பக்கத்துல இருக்கற நம்பரைப் பாருங்க. ஒன்று புள்ளி ஒண்ணைத் தாண்டினா மெஷின் பாசிட்டிவ்னு எழுதிடும். உங்களுது ஒன்று புள்ளி ஆறு. இந்த டெஸ்ட்ல மூணுக்குக் கீழ வர்ற நம்பரை நாங்க நம்பிட மாட்டோம். அதுல பாதிக்குப் பாதி பொய்யாப் போறது உண்டு."

"பொய்யான்னா?"

"இந்த டெஸ்ட் வைரஸைப் பார்க்கறதில்லம்மா. வைரஸை எதிர்க்க உங்க உடம்பு செஞ்சு வெச்சிருக்கற பொருளைத் தேடுது. இதுக்கு ஒரு அண்ணன் இருக்கு, ஒண்ணாம் வகை. சளிக் காலத்துல உதட்டோரத்துல கொப்புளம் வருமே, அது. சின்ன வயசுல யாரோ கொஞ்சறப்போ, ஒரே டம்ளர்ல குடிக்கறப்போ எல்லாருக்கும் ஒட்டிக்கறது. பெரும்பாலானவங்க ரத்தத்துல அது இருக்கும். ரெண்டும் ஒரே ஜாடை. சில சமயம் மெஷின் அண்ணனைப் பார்த்துட்டுத் தம்பின்னு எழுதிடும். சில சமயம் ஒரு காரணமும் இல்லாம எழுதும். கார்ல திருட்டு அலாரம் வெக்கறாங்க இல்ல, பூனை குதிச்சாலும் அடிக்குமே, அது மாதிரி."

பிரேக்கம்மா நாற்காலியின் விளிம்பிலிருந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள்.

"அப்ப லேபுல சொன்ன மாதிரி இன்னொருதரம் எடுத்துப் பார்த்துடலாமா?"

"அதே மெஷின்ல எடுத்தா அதே தப்பை மறுபடி செய்யும். முறையே வேறயா இருக்கணும். வைரஸோட புரதங்களைத் தனித்தனியாப் பிரிச்சு வெச்சு, உங்க ரத்தம் எதை எதைப் பிடிக்குதுன்னு பார்க்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. எல்லா இடத்திலயும் செய்யமாட்டாங்க. ரத்தத்தை வெளியூர்ப் பெரிய லேபுக்கு அனுப்பணும். சில வாரம் ஆகும், காத்திருக்கணும். உண்மையைச் சொல்லணும்னா, புண்ணே இல்லாத ஆளுக்கு முதல்ல அந்த டெஸ்டை எடுத்திருக்கவே வேண்டாம். புண் வந்தா அதிலிருந்தே துடைச்சு எடுத்துப் பார்க்கறதுதான் நல்லது."

"அதுலயும் ஆமான்னு வந்துட்டா?"

"வந்தா வரட்டும். உலகத்துல கோடிக்கணக்கான பேர்கிட்ட இருக்கு, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது. மாத்திரை இருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாம், குடும்பம் நடத்தலாம். இன்னொண்ணு, அப்பகூட அது எப்ப வந்துச்சு, யார் மூலமா வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. உங்க வீட்டுக்காரர் உங்களைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம். அவரைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தறதா இருந்தா இந்தக் காகிதம் அதுக்குச் சாட்சி ஆகாது."

அந்தக் கடைசி வார்த்தையில் பிரேக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். அறிக்கையைப் பற்றி மட்டும்தான் சொல்ல வந்தாள். புருஷனைச் சந்தேகப்பட்டதை எந்த இடத்தில் உளறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கையை நீட்டினாள். நர்ஸ் ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டி, பெட்டியில் வைத்தாள்.

சுகாதார நிலையத்தின் வாசல்படியில் நின்று யோசித்தாள். முடிவு வரட்டும், வந்த பிறகு பன்னுவிடம் பேசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இல்லை என்று வந்துவிட்டால் பேசுவதும் சுலபம். ஆனால் காரை எடுத்த பிறகு அந்த யோசனை அவளுக்கே பிடிக்கவில்லை. கடை வாசலில்தான் போய் நிறுத்தினாள்.

கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். பன்னு அவளைப் பார்க்காத மாதிரி ரொட்டியைச் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பன்னு, இன்னும் முடிவு வரல. வேற முறையில பார்க்க அனுப்பியிருக்காங்க. முடிவு வந்தப்புறம் மன்னிப்புக் கேட்டா அது உன்கிட்ட கேட்டது ஆகாது, அந்தக் காகிதத்துகிட்ட கேட்டது ஆகும். அதான் இப்பவே வந்தேன். ஆமான்னு வந்தாலும் இல்லன்னு வந்தாலும், நான் அன்னைக்கு அவரைப் பேசினது தப்பு. என்கூட இத்தனை வருஷம் இருந்த மனுஷனைவிட ஒரு நம்பரை நம்பிட்டேன்."

பன்னு கல்லாப் பெட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஆமான்னு வந்தா எனக்கும் அவன் மேல கோபம் வரும் அண்ணி. அதை மறைக்க மாட்டேன்."

"ஆமான்னு வந்தாக்கூட கோபப்பட வேண்டாமாம். டாக்டரம்மா சொன்னாங்க. உட்காரு, எல்லாத்தையும் சொல்றேன்."

சொல்லி முடித்தபோது பன்னு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ஒண்ணாம் வகையா? சின்ன வயசுல அவன் எச்சில் பண்ணித் தராத ஒரு பண்டத்தை நான் தின்னதில்ல. அப்ப அது எனக்கும் இருக்கும்."

பாக்கி இருந்தது லிப்ட்காரர். அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார். அவரைத் தேடி அவள் மேலே போனது அதுதான் முதல் தடவை. எண்ணெய் வாடை, பெரிய சக்கரம், அதன்மேல் ஓடும் தடித்த எஃகுக் கம்பிகள். அவர் பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, இருந்த ஒரே ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். இந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? சத்தமா இருக்கு."

"நிறுத்தினா நடுவுல பத்துப் பேர் மாட்டிக்குவாங்க டீச்சர். அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க சத்தமாச் சொல்லுங்க, இங்க யாரும் இல்ல."

ஊர் முழுக்கக் கேட்கக்கூடாத விஷயத்தை அவள் ஊரிலேயே உயரமான இடத்தில் நின்று உரக்கக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சொல்ல ஆரம்பித்ததும் மீதி தானாக வந்தது. அறிக்கை, எண், லேப், டாக்டரம்மா, வெளியூர் போன ரத்தம். அவரும் உரக்கவே கேட்டார்.

"ரெண்டாவது டெஸ்டும் ஆமான்னு சொன்னா என்ன செய்யணுமாம்?"

"தினமும் மாத்திரை சாப்பிட்டா உங்களுக்கு ஒட்டற வாய்ப்பு குறையுமாம். புண் வந்தா, ஆறற வரைக்கும் தள்ளி இருக்கணுமாம். உறை போட்டுக்கணுமாம். அப்பவும் துளிகூட ஆபத்தே இல்லன்னு சொல்ல முடியாதாம். அதனாலதான் உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னா எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது."

அவர் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "என் அறிக்கையில எதுவும் சிவப்பா வரல. ஆனா எனக்குச் சளி பிடிச்சா உதட்டோரத்துல கொப்புளம் வருமே, பார்த்திருக்கீங்களா?"

"கிளாஸ் எடுக்கறப்போ பார்த்திருக்கேன்."

"நீங்க சொன்ன அந்த அண்ணன் இங்கதான் குடியிருக்கார். வருஷா வருஷம் வந்து தலையைக் காட்டிட்டுப் போவார். கொப்புளம் இருக்கறப்போ முத்தம் கொடுத்தாலே உங்களுக்கு ஒட்டும். அதை நான் உங்ககிட்ட சொல்லணும்னுகூட நினைக்கல. நீங்க என்னடான்னா, வந்துச்சா வரலையான்னே தெரியாத ஒண்ணுக்காக இத்தனை மாடி ஏறி வந்திருக்கீங்க."

"லிப்ட்லதான் வந்தேன்."

"லிப்ட்தான். ஆனாலும்." அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தேதியை மாத்த வேண்டாம் டீச்சர். ரிசல்ட் வர்றப்போ வரட்டும். அதுவா இருந்தா மாத்திரை வாங்குவோம். இல்லன்னா மாத்திரைச் செலவு மிச்சம்."

இறங்கும்போது லிப்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். அறிக்கை வந்ததிலிருந்து தன்னையே நேருக்கு நேர் பார்க்காமல் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. முடிவு வருவதற்கு முன்பே, அந்தக் கட்டிடத்தின் வாசலைத் தாண்டும்போதே, ஏதோ ஒன்றை ஜெயித்துவிட்ட மிடுக்கு அவள் நடையில் வந்துவிட்டது.

காத்திருந்த வாரங்களில் அவள் அழுதுவடிந்துகொண்டு உட்காரவில்லை. காரின் கூரைப் பலகைக்குப் புது வண்ணம் அடித்தாள். பன்னுவோடு போய்க் கல்யாணத்துக்கு உடுப்பு எடுத்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருதரம் எகிறும், அது உண்மை. அறுவை சிகிச்சை முடிந்தவர் தையலைத் தொட்டுப் பார்ப்பது போல அந்த எண்ணைச் சில சமயம் எடுத்துப் பார்ப்பாள். ஒன்று புள்ளி ஆறு. பார்த்துவிட்டு மூடிவைப்பாள்.

போன் வந்தபோது ஸ்டியரிங்கில் அதே தையல்காரப் பெண்தான். டாக்டரம்மாவின் எண்ணைப் பார்த்ததும் பிரேக்கம்மா தன் காலடியிலிருந்த பிரேக்கை மிதித்துவிட்டாள். பின்னால் வந்த வேன் ஹாரனை அலறவிட்டது. தையல்காரி திடுக்கிட்டு, "நான் ஒண்ணும் பண்ணலையே அக்கா" என்றாள்.

"நீங்க இல்ல, நான்தான். ஓரமா நிறுத்துங்க." போனை எடுத்தாள்.

"இல்லம்மா," என்றார் டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே. "ரெண்டாம் வகை உங்ககிட்ட இல்ல. தெளிவா வந்திருக்கு. ஒண்ணாம் வகை மட்டும்தான், அது என்கிட்டயும்தான் இருக்கு. முதல்ல வந்தது தப்பான பாசிட்டிவ். தைரியமாப் போய்க் கல்யாணம் பண்ணுங்க."

பிரேக்கம்மா நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். மரம், கடைப் பலகை, குழந்தையை இழுத்துக்கொண்டு போகும் ஒரு தாய், எல்லாம் மழையில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தன. அவள் நினைப்பெல்லாம் தன்மேல் இல்லை. கிடங்குக்குப் பின்னால் லாரியின் படிக்கட்டில் நின்று, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே மிதி என்று கத்திய மனிதன்மேல் இருந்தது. அவர் வண்டியில்தான் தூங்கியிருக்கிறார். இந்த எண் வராமலே இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. எழுந்த கேள்வி இப்போது எழுந்த வழியாகவே போய்விட்டது.

"அக்கா, கெட்ட செய்தியா?" தையல்காரி மெல்லக் கேட்டாள்.

"நல்ல செய்தி. வண்டியை எடுங்க. இன்னைக்கு ஊருக்கு வெளிய பெரிய ரோட்டுக்குப் போறோம்."

"ஐயோ அக்கா, அங்கெல்லாம் நாலாவது கியர் போடணும்."

"போடுவீங்க."

போட்டாள். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள், கார் ஒருதரம் இருமியது, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. நாலு ஜன்னலும் திறந்திருந்தன. காற்று இருவர் தலைமுடியையும் கலைத்துவிட்டது. தையல்காரி பயத்தில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடிகிற ஒரு சத்தம் போட்டாள். பிரேக்கம்மாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு காலையும் பின்னால் இழுத்து மடக்கிக்கொண்டு, பயணி மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். சண்டை போட அல்ல. அந்த இளைஞன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தான்.

"அப்ப எங்க மெஷின் தப்பு பண்ணிடுச்சுன்னு சொல்றீங்களா?"

"மெஷின் மேல தப்பில்ல தம்பி. அது ஒன்று புள்ளி ஆறுன்னு சொல்லுச்சு, அது சந்தேகம்னு அர்த்தம். நீங்க அதைச் சிவப்புல தீர்ப்பா எழுதி அனுப்பிட்டீங்க. எனக்கு ஒரு நாத்தனார் இருந்தா, சரியான டாக்டர்கிட்ட அனுப்பினா. இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

அவன் உள்ளே போய் லேபின் பொறுப்பு டாக்டரைக் கூட்டி வந்தான். நரைத்த மனிதர், பொறுமையாகக் கேட்டார். சுகாதார நிலையத்து டாக்டரம்மாவும் இதே விஷயமாகப் பேசினார் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அந்த லேபின் அறிக்கையில் இப்படிக் குறைந்த எண் வந்தால், கீழே ஒரு வரி சேர்ந்து வர ஆரம்பித்தது: இது உறுதியான முடிவு அல்ல, வேறு முறையில் மறுபரிசோதனை செய்யவும், மருத்துவரைக் கலந்து பேசவும். ஒரே ஒரு வரிதான். அதைப் பிறகு பலர் சொல்லிக் கேள்விப்பட்டபோது பிரேக்கம்மா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவில்லை, ஆனால் அன்று முழுவதும் வாய்க்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பதிவு அலுவலகத்துக்குக் குறித்த நாளில், குறித்த நேரத்தில் போனார்கள். ரொட்டிக் கடைக்கு அன்று விடுமுறை. லிப்ட்காரர் புதுச் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, பன்னுவிடம் திட்டு வாங்கித் திருத்திக்கொண்டார். உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி, சாட்சி யார் என்றார். பன்னு முன்னால் வந்தாள்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"நாத்தனார்."

"ஓ, மாப்பிள்ளையோட தங்கச்சியா?"

"இல்லைங்க. முதல் மாப்பிள்ளையோட தங்கச்சி."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய இத்தனை வருஷ உத்தியோகத்தில் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை போலும். "அப்ப இந்த மாப்பிள்ளைக்கு நீங்க என்ன முறை ஆகுது?"

பன்னு லிப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதைப் பற்றி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவர் போலத் தயங்காமல் சொன்னார்.

"தங்கச்சின்னே எழுதிக்குங்க சார். அவங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா."

 பன்னு பேனாவை அதிகாரியின் பக்கத்திலிருந்து எடுத்து, முதலில் தன் கையெழுத்தைப் போட்டாள். "மணமக்கள்தான் முதல்ல போடணும்மா" என்று அதிகாரி பதறுவதற்குள் போட்டு முடித்துவிட்டாள். பிரேக்கம்மா சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி புதிய தாள் ஒன்றை எடுத்து வைத்தார்.